ஒருமனதாக ஒரு முதல் தீர்மானம்

டீ நன்றாக இருக்கிறது, பாஸ்டர். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் இப்படி ஒரு டீ குடித்து நாளாகிவிட்டது.

உங்கள் சபை நிர்வாகத்துக்குப் புதிய சேகரக் குழு வந்திருக்கிறது, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்று சொன்னீர்கள். அடையாறில் எங்கள் குழுவை நான் எப்படி ஒன்றுசேர்த்தேன் என்று கேட்டீர்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

தேர்தல் முடிந்தபோது எங்கள் குழுவும் இரண்டாகக் கிடந்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜரத்தினம் ஒரு பக்கம், கல்லூரிப் பேராசிரியை சாருலதா மறுபக்கம். "மைக் இருந்தாதான் அவருக்கு ஜெபமே வரும்" என்று அந்த அம்மா சொல்வார். "மாமியார முதியோர் இல்லத்துல தள்ளிட்டு இங்க வந்து ஊழியம் பேசுது" என்று இவர் சொல்வார். நான் பழைய செயலாளர், போட்டியிடாதவன். அதனால் எங்கள் பாஸ்டர் என்னைத்தான் பிடித்தார். "ரெண்டு பேருக்கும் வேண்டியவர் நீங்கதாண்ணே. எப்படியாச்சும் சேர்த்து வச்சிருங்க" என்றார்.

நல்ல வழியைத்தான் முதலில் பார்த்தேன். பாலவாக்கத்தில் ஒரு கடற்கரை வீட்டுக்கு எல்லோரையும் தியானத்துக்கு அழைத்துப் போனேன். வட்டமாக நின்று, ஆராதனையில் செய்வதுபோல பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் 'சமாதானம்' சொல்லச் சொன்னேன். கைமாறி வந்த சமாதானம் சாருலதாவிடம் வந்து நின்றுவிட்டது. பக்கத்தில் ராஜரத்தினம். அந்த அம்மா கையை நீட்டவில்லை. இவரும் அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரியாணி சாப்பிடும்போது வெடித்தது. "நான் பேசினத இவர்கிட்ட போட்டுக் கொடுத்தது யாரு?" என்றார் சாருலதா.

"அண்ணன்தான் கேள்விப்பட்டேன்னு சொன்னாரு," என்று என்னைக் காட்டினார் ராஜரத்தினம். "அண்ணே, உங்ககிட்ட வந்து சொன்னது யாரு?"

யாரும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது இரண்டு பேர் பேச்சும் என் காதில் விழுந்தது. ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று இவரிடம் அதையும் அவரிடம் இதையும் சொல்லிவைத்திருந்தேன். அதை அங்கே ஒப்புக்கொண்டால் என்மேல் நம்பிக்கை போய்விடும். அப்புறம் இவர்களை யார் ஒன்றுசேர்ப்பது?

"புஷ்பம்" என்றேன்.

டீ ஊற்றுகிறவள் அவள்தான். எங்கள் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தவரின் விதவை. கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை, கேட்க ஆளில்லை.

"அவளா?" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். அன்றுதான் முதல்முறையாக முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும்போது ஒரே காரில் வந்தார்கள்.

சபை முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை புஷ்பத்துக்கு நற்கருணை கிடையாது என்பதுதான் குழுவின் முதல் தீர்மானம். ராஜரத்தினம் முன்மொழிந்தார், சாருலதா வழிமொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. முடிவில் இருவரும் கைபிடித்துச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

புஷ்பம் அப்போதும் ஞாயிறு தவறாமல் பீடத்தின் முன் வந்து முழங்கால் போட்டு, கைகளை ஏந்திக்கொண்டிருப்பாள். பாஸ்டர் அவளைத் தாண்டி அடுத்தவருக்கு அப்பமும் ரசமும் கொடுப்பார். ஒருநாள் என்னை வழிமறித்தாள்.

"நான் இன்னா பேசினேன்னு நீயாச்சும் சொல்லுண்ணே."

"மன்னிப்புக் கேட்டுடும்மா. முடிஞ்சுபோகும்."

"செய்யாததுக்கு இன்னான்னு கேக்குறது? ஆண்டவர் முன்னால பொய் சொல்ல சொல்றியா?"

பிடிவாதக்காரி. அந்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்தான் போய்ப் பார்த்தேன். "எனுக்கு அந்த ராபோஜன அப்பம் மட்டும் வாங்கிக் குடுத்துடுண்ணே. அது இல்லாம போவ பயமாகீது" என்று கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து, "சமாதானம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வெளியே வந்தால் ராஜரத்தினம் போன் செய்தார். "பாவம்ணே. நானும் மேடமும் பாஸ்டரக் கூட்டிக்கிட்டு வந்து குடுத்துடுறோம். எதாச்சும் சொன்னாளா?"

வந்திருந்தால் அவளிடமே கேட்டிருப்பார்கள். எல்லாம் வெளியே வந்திருக்கும். அத்தனை பாடுபட்டுச் சேர்த்த குழு உடைந்திருக்கும்.

"இன்னும் மனசு இறங்கல" என்றேன். அவர்கள் வரவில்லை. மறுநாள் அவள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று ராஜரத்தினமும் சாருலதாவும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இன்றைக்கும் நற்கருணை வாங்கும்போது அவளை நினைத்துக்கொள்கிறேன், பாஸ்டர். அவளுக்காக என்னைவிட அழுதவர்கள் அந்தச் சபையில் யாருமில்லை. குழுவில் இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த டீயைக் கொண்டுவந்து வைத்தாரே ஓர் அம்மா, அவருக்குச் சொந்தம் என்று யாராவது உண்டா?