வெள்ளைக்கல்லின் அடியில்

சகலருக்கும் ஓர் அறிவிப்பு: மண்ணுக்கு மேலே தலைநீட்டும் கல்லைப் பார்த்தே, கீழே தங்க ரேகை எவ்வளவு ஆழம் ஓடுகிறது என்று சொல்லக்கூடிய நிபுணர்கள் உலகில் மிகச் சிலர். அவர்களில் ஒருவன் உங்கள் எதிரில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறான், ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

எங்கள் சுரங்கக் கம்பெனி வாங்கிய மலைச்சரிவில் வெள்ளைக்கல் முப்பது அடி நீளத்துக்கு வெளியே தெரிந்தது. உடைத்தால் தங்கம் பொட்டுப் பொட்டாக மின்னியது. முப்பதடி நீளம் தெரிந்தால் பதினைந்தடி ஆழம் நம்பலாம் என்பது எங்கள் தொழில் வழக்கம். நான் அறிக்கையில் முந்நூறு என்று எழுதினேன். நிபுணனுக்குக் கொஞ்சம் கற்பனையும் வேண்டும். கம்பெனி என் அறைக் கதவில் 'தலைமை ஆலோசகர்' என்று பித்தளைப் பலகை மாட்டியது.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, எனக்குக் கீழே அளவெடுப்பவன். ஒரு வாரமாக அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வந்தான். என்னைக் கண்டால் நோட்டை மூடினான். சாப்பாட்டு மேஜையில் அக்காவிடம் ஏதோ கிசுகிசுத்தான். நான் வந்ததும் உப்பைக் கேட்டான். உப்பு அவன் முன்னால்தான் இருந்தது.

கடைசியில் கேட்டேவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அது ரேகையே இல்ல. எப்பவோ மலை உச்சியிலேருந்து சரிஞ்சு வந்த பாறை. சுத்தி இருக்கிறதெல்லாம் மேற்கே சாஞ்சிருக்கு, இது மட்டும் கிழக்கே. கீழ வெறும் மண்ணு."

"அப்ப நான் முட்டாளா?"

"நீங்களே திருத்தி எழுதிடுங்க. அக்காகிட்டகூட நான் மூச்சு விடல. திங்கக்கிழமைக்குள்ள எழுதலைன்னா நான் சொல்லித்தான் ஆகணும்."

மூச்சு விடவில்லையாம். நம்ப வேண்டுமாம்.

சந்தேகம் வந்தால் தோண்டிப் பார்ப்பதுதானே நியாயம்? கல்லுக்கு அடியில் குழி வெட்டச் சொன்னேன். இரண்டு மர முட்டுக் கொடுத்துவிட்டு அவனே உள்ளே தவழ்ந்தான்.

"மாமா, மேல என்ன பண்றீங்க?"

"அளக்கறேன்."

"எங்கேருந்து பேசறீங்க? சரியா கேக்கல."

முட்டுகளை உருவியது நான்தான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? முந்நூறு அடி வேரோடு நிற்கும் கல்லுக்கு முட்டு எதற்கு? என் அறிக்கைப்படி அது இம்மியும் அசைந்திருக்கக் கூடாது. சொந்த அறிக்கையை நம்பியவனைக் கொலைகாரன் என்பது எந்த ஊர் நியாயம், ஐயா?

கையால் உருவவில்லை. கயிறு கட்டி, நாற்பதடி தள்ளி நின்று இழுத்தேன்.