வேண்டாம் என்று குறித்த வரி

கணினி வேலையில் எனக்குப் பொறுமை அதிகம் என்பார்கள். கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கர்னலைப் புதிதாக உருவாக்கும்போது, அதாவது அது கம்பைல் ஆகும்போது, திரையில் ஓடும் வரிகளை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னடா, சினிமாவா ஓடுது?" என்று அக்கா கட்டிலிலிருந்து கிண்டல் செய்வாள்.

அக்காவுக்குக் கால்கள் இயங்காது. எங்களுடையது மாடி வீடு. கீழே போக வேண்டுமென்றால் நான்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒருநாளும் நான் முகம் சுளித்ததில்லை. அவள் வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் பிழை திருத்துவாள். அதற்காகத்தான் கணினியும், போன் லைனில் இணையத்தைப் பிடிக்கும் மோடமும்.

அச்சகக்காரரின் நண்பர் ஒருவர், கப்பல் இன்ஜினியர், அவளுக்கு மெயில் எழுத ஆரம்பித்தார். ஒருநாள், கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார். தன் வீடு தரைத்தளம் என்றும், பதில் வராவிட்டால் தொந்தரவு செய்யமாட்டேன் என்றும் எழுதியிருந்தார். அதை எனக்கு வாசித்துக்காட்டும்போது அக்காவின் குரல் நடுங்கியது. பதிலை நிதானமாக யோசித்து எழுதப் போவதாகச் சொன்னாள்.

கணினி மந்தமாகிவிட்டது என்று சொல்லி, அன்றே புதிய கர்னல் கம்பைல் செய்தேன். எதெல்லாம் வேண்டும் என்று அது வரிவரியாகக் கேட்கும். அதில் பிபிபி என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் மோடம் டயல் செய்யும், இணையம் வராது. வேண்டாம் என்று குறித்தேன். பழைய கர்னலையும் அழித்துவிட்டேன்.

மோடம் வழக்கம்போலக் கிறீச்சிட்டது, எதிர்முனை எடுத்தது, உடனே அறுந்தது. காரணம் பதிவுக் கோப்பில் பச்சையாக இருந்தது. அக்கா அதையெல்லாம் திறப்பவள் அல்ல. லைன் கோளாறாக இருக்கலாம் என்றேன். அவள் கண்ணெதிரே திரும்பத் திரும்பக் கம்பைல் செய்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வரியில் என் பதில் மாறவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு என்னைத் தூக்கிட்டுப் போறியாடா?"

"உனக்கு எதுக்குக்கா அலைச்சல்? நாளைக்குச் சரியாயிடும்."

அங்கே நான் தனியாகப் போனேன். அவளுடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். இன்னும் ஒருமுறை கேட்கிறேன் என்று அவர் எழுதியிருந்ததை அழித்தேன். சில வாரங்கள் கழித்து அங்கே போனபோது, வீட்டில் பார்த்த பெண்ணோடு கல்யாணம் முடிந்தது, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு மெயில் வந்தது. அதை விட்டுவைத்தேன். வீட்டுக்கு வந்து பிபிபி வேண்டும் என்று குறித்தேன். முதல் டயலிலேயே இணையம் வந்துவிட்டது.

அக்கா அதை வாசித்துவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையைத் தடவினாள். "எனக்காக எவ்வளவு பாடுபட்ட. பாவம்டா நீ," என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதன்பிறகு கீழே போக வேண்டும் என்று அவள் கேட்பதே இல்லை. கேட்டால் தூக்கிக்கொண்டு போக நான் தயாராகத்தான் இருக்கிறேன்.