பொட்டாசியம் இல்லாத கடல்

– கையெழுத்தைப் போடும்மா. வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது, அணு ஆலைக்காரங்க வந்துட்டாங்க போல.

– போட மாட்டேன் மாமா.

– ஏன்? கதிரியக்கம் துளிகூட இல்லன்னு உன் மெஷினே சொல்லிடுச்சு. நாளைக்குக் கடற்கரையைத் திறந்துடலாம்.

– போன வாரம் அதே இடத்துத் தண்ணியில ஆலைக் கழிவுல வர்ற சீசியம் எக்கச்சக்கமா இருந்துச்சு. அது எங்க போச்சு?

– கடல்னா அப்படித்தாம்மா. இன்னைக்கு இருக்கும், நாளைக்கு அடிச்சுக்கிட்டுப் போயிடும். இந்தத் தடவை நானே படகுல போய் மொண்டுட்டு வந்தேன்.

– நீங்களா? அக்கா படகை எடுத்தாலே கரையில நின்னு கண்ணை மூடிக்கிற ஆளாச்சே.

– கிண்டல் வேண்டாம். நாக்குல வச்சுப் பாரு, கரிக்கும்.

– கரிக்குது. சமையல் உப்பு கரிக்கத்தானே செய்யும்.

– என்ன உளர்ற?

– எந்தக் கடல் தண்ணியிலயும் பொட்டாசியம் இருக்கும் மாமா. ஆலை வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. அதுல இயற்கையாவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு, மெஷின்ல வச்சா கட்டாயம் காட்டும். உங்க பாட்டில்ல அது மருந்துக்குக்கூட இல்ல. அது குழாய்த் தண்ணி.

– மெதுவாப் பேசு. கதவு திறந்திருக்கு.

– திறந்தே இருக்கட்டும்.

– இந்த வேலைய உனக்கு வாங்கிக் கொடுத்தது யாரு? அக்கா புருஷன்னுகூடப் பாக்காம என் தலையில கல்லைத் தூக்கிப் போடுறியே.

– வேலை நீங்க வாங்கிக் கொடுத்தது. கையெழுத்து என்னோடது. நாளைக்கு அந்தத் தண்ணியில குதிக்கணும்னு உங்க ரெண்டு வாலுங்களும் இப்பவே துண்டை எடுத்து வச்சுட்டுக் காத்திருக்குதுங்க.

– என் பிள்ளைங்கள நான் அனுப்ப மாட்டேன்.

– ஓஹோ. அப்போ ஊரான் பிள்ளைங்க குதிக்கலாம்.

– நிறுத்தும்மா. நீ என்ன கத்தினாலும் உன் கையில அத்தாட்சி கிடையாது. வேற தண்ணி எடுக்கணும்னா ஆழத்துக்குப் போகணும். படகுச் சாவி என் வீட்டு ஆணியில தொங்குது.

– இப்போ தொங்கல மாமா.

– என்ன?

– உப்பு டப்பா ஏன் காலியா இருக்குன்னு காலையில அக்கா போன் பண்ணினா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாசல்ல நிக்கிறது ஆலைக்காரங்க வண்டி இல்ல. கேன் நிறைய கடலோட அக்கா வந்திருக்கா.