திறக்காது என்று சொன்ன வீடியோ

வீடியோ ஓடவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஃபைலின் பெயரை மாற்றுவதுதான் ஐயா. கடைசியில் இருக்கும் எழுத்துகளை அழித்துவிட்டு எம்பி4 என்று தட்டுவார்கள். பிறகு என் செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து, "கன்வெர்ட் பண்ணிட்டேன் சார், அப்பவும் ஓடல" என்பார்கள். பூனைக்குப் புலி என்று பெயர் வைத்துவிட்டு அது உறுமவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள். இவர்களுக்கு நடுவில் பத்தொன்பது வருடம் தொழில் செய்திருக்கிறேன். என் பொறுமையையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அந்த அம்மா அந்த ரகமில்லை. எதையும் நோண்டாமல், செவ்வாய்க்கிழமை காலை போனை அப்படியே கொண்டுவந்தார். "மக வீடியோ அனுப்பியிருக்கா தம்பி. அவ போன் ரிப்பேராம், மாப்பிள்ளை போன்லேர்ந்து வந்திருக்கு. தொட்டா ஓட மாட்டேங்குது."

கேபிளை மாட்டி என் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கறுப்புத் திரை, கீழே ஏதோ பிழைச்செய்தி. நான் பிழைச்செய்திகளைப் படிப்பதில்லை. அவை கற்றுக்குட்டிகளுக்காக எழுதப்படுபவை. "ஃபைல் பழுதும்மா, பாதியில அறுந்து வந்திருக்கு" என்றேன்.

பக்கத்து ஜெராக்ஸ்காரர் தலையை நீட்டினார். நாலு தாளை நகலெடுத்தே கம்ப்யூட்டர் மேதை ஆகிவிட்டவர். "அண்ணே, புது போன்ல எடுத்தது பழைய பிளேயர்ல ஓடாது. கன்வெர்ட் பண்ணிப் பாருங்களேன்." கடையில் அப்போது ஐந்து பேர் நின்றிருந்தார்கள். "நான் திறக்க முடியாத ஃபைலை எவனும் திறக்க முடியாது" என்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளோடு வேறென்ன பேசுவது?

வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது என் வழக்கமில்லை. மறுபடி அனுப்பச் சொல்லலாம் என்று யோசனை கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் போனில் தட்டத் தெரியாது, அதனால் வீடியோ வந்த அதே நம்பருக்கு நானே தட்டி அனுப்பினேன்: 'நீ அனுப்பிய வீடியோ திறக்கவில்லை. மறுபடி அனுப்பு. அம்மா.' ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

கடை காலியானதும் சும்மா கன்வெர்ட் செய்து பார்த்தேன். ஜெராக்ஸ்காரர் சொன்னதற்காக அல்ல. ஆறு நிமிடத்தில் முடிந்து, ஜோராக ஓடியது. நாற்பத்தொரு நொடி. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வீங்கிய உதட்டோடு அந்தப் பெண் கிசுகிசுக்கிறாள்.

"அம்மா, அவர் குளிக்கிறாரு. இது அவர் போன். அனுப்பின உடனே இங்க அழிச்சிடுவேன். நீங்க பதில் மட்டும் போட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாமாவோட வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இனிமே அடி வாங்க உடம்புல தெம்பில்ல."

வெளிச்சம் சுமார். ஒலி துல்லியமாக வந்திருந்தது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நிதானமாக யோசியுங்கள் ஐயா. காலையில் ஐந்து பேர் முன்னால் பழுது என்றவன் மதியம் போய் நன்றாக ஓடுகிறது என்றால் என் மானம் கப்பலேறிவிடும், அதுவும் ஜெராக்ஸ் கடை வழியாக. பதிலோ ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. தவிர, அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவளே இன்னொன்று அனுப்பட்டும், அதைத் திறந்து கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்றிருந்தேன்.

வியாழக்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். "அனுப்பவே இல்ல தம்பி. கூப்பிட்டா மாப்பிள்ளைதான் எடுக்கிறாரு, அவ தூங்குறாங்கிறாரு. மனசு ஒரு நிலையில இல்ல. இன்னொரு தடவை பாருங்களேன்."

"என்கிட்ட குடுங்கம்மா, நான் பாக்குறேன்" என்று ஜெராக்ஸ்காரர் கையை நீட்டினார். அவர் கைக்குப் போகும் முன் நான் போனை வாங்கி அந்த ஃபைலை அழித்துவிட்டேன். "வைரஸ்மா, விட்டா போனே போயிடும்" என்றேன்.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்ததாம், மகள் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்துவிட்டாள் என்று. எனக்கும் வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அன்றைக்கு முழுவதும் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்தேன்.

பார்த்தேன், மறைத்தேன், அழித்தேன். எதையும் மறுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் இருந்த நகலை மட்டும் அழிக்க மனம் வரவில்லை, அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்துப்போனது அதைத்தான். கன்வெர்ட் செய்தால் ஓடும் என்று தான் அன்றைக்கே சொன்னதாக ஜெராக்ஸ்காரர் உங்களிடம் பெருமையடித்திருக்கிறார். வாயால் சொல்வது யாருக்கும் சுலபம். நாளைக்கு நீதிமன்றத்தில் அந்த வீடியோ தங்குதடையில்லாமல் ஓடும்போது, இதை ஓட வைத்தது யார் என்று கேட்பார்கள். செய்தது நான்தான் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.