தெரிவிக்கப்பட்டது

இந்த மேஜையின் ஒரு கால் குட்டை, ஐயா. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். இந்த மாதிரிச் சின்னக் குறைகள் என் கண்ணில் உடனே பட்டுவிடும், தொழில் அப்படி.

கேஸ் கீசர் மாட்டி, சர்வீஸ் செய்து தரும் கம்பெனியில் கணினி வேலை என்னுடையது. எங்களிடம் ஒரு டேட்டாபேஸ் இருந்தது. யார் வீட்டில் எந்த கீசர், என்றைக்கு எந்த மெக்கானிக் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்கும் செயலி ஒன்றும் தனியாக இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி மாதிரி கிடந்தன. ஆஃபீஸில் ஒரு பெண் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் கையால் ஏற்றுவாள். ஒரு வீட்டில் இன்றைக்குக் குறை சொன்னால் நாங்கள் போய் நிற்க இரண்டு வாரம் ஆகும்.

அந்த இரண்டையும் நான் ஆட்டோமேஷன் போட்டு இணைத்தேன். மெக்கானிக் தன் போனில் 'முடிந்தது' என்று அழுத்தினால் பத்தாவது நிமிடம் அந்த வீட்டுக்குக் கேள்வி போகும். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், என்ன குறை. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு நட்சத்திரமோ அதற்குக் கீழோ வந்தால் சர்வீஸ் மேனேஜரின் போன் அப்போதே அடிக்கும். டேட்டாபேஸில் அந்த வீட்டுக்கு நேரே 'தெரிவிக்கப்பட்டது' என்ற சொல்லும், மேனேஜர் பெயரும், நேரமும் விழும். எழுதியவருக்கும் பதில் போகும்: உங்கள் குறை பொறுப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டது, விரைவில் வருகிறோம். அந்த வாக்கியமும் என்னுடையதுதான். பதினொரு வாரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் உழைத்தேன்.

சர்வீஸ் மேனேஜர் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே என் நண்பர். ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தோம், அவர் சட்டையை நான் போடுவேன், என் சட்டையை அவர் போடுவார். தங்கையை இவனுக்குத்தான் கொடுப்பேன் என்று வீட்டில் சண்டை போட்டு முடித்துவைத்தவர். பழைய மேனேஜர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்தை நான் கேட்கப்போகிறேன் என்று முதலில் அவரிடம்தான் சொன்னேன். தாராளமாகக் கேள், நான் இருக்கிறேன் என்றார். அடுத்த திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு மச்சானையே மேனேஜர் என்று அறிவித்தார். நானும் கைதட்டினேன். பிறகு முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்.

"உங்க மச்சான்கிட்டயே கேட்டேன்ப்பா. அவருக்கு மெஷின் நல்லா வரும், மனுஷங்கதான் வராதுன்னாரு. கூடவே இருக்கறவரே சொல்லும்போது நான் என்ன பண்ண?"

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பட்டேன். வீட்டில் சொன்னேன். அண்ணன் அப்படிப் பேசியிருக்க மாட்டார், உங்களுக்கு வேலைப் பளு கூடுமே என்று ஏதாவது சொல்லியிருப்பார் என்று மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அண்ணன் பெரிது. என் இணைப்பை முதலாளிக்குச் செய்து காட்டிய அன்று, இது நாங்கள் பண்ணியது என்றார் மச்சான். நாங்கள். அவருக்குத் தன் போனில் பாஸ்வேர்டு மாற்றக்கூடத் தெரியாது.

இப்படி ஒன்றைக் கட்டும்போது மேனேஜர் எண் இருக்க வேண்டிய இடத்தில் நம் எண்ணைப் போட்டுத்தான் சோதிப்போம். ஓடத் தொடங்கும் நாளில் அதை எடுத்துவிட்டு உண்மையான எண்ணைப் போட வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற மறதிதான். நான் மறக்கவில்லை. மாற்றிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், மாற்றவில்லை.

வருஷக் கடைசியில் முதலாளி டேட்டாபேஸில் குறைப் பட்டியலைத் திறப்பார். நாற்பது ஐம்பது குறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே தெரிவிக்கப்பட்டது என்று மச்சான் பெயரில் இருக்கும், ஒரு வீட்டுக்கும் அவர் போயிருக்க மாட்டார். மனுஷங்க யாருக்கு வராது என்று அப்போது தெரியும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

என் போனுக்கு வந்ததெல்லாம் சில்லறைக் குறைகள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை, சேற்றுக் காலோடு உள்ளே வந்தார், சுவரில் கறை. இதற்கெல்லாம் யார் சீட்டைக் கிழிப்பார்கள்? மூன்றாவது வாரம் ஒரு நாலாம் மாடி வீட்டிலிருந்து ஓர் அம்மா எழுதினார். இரண்டு நட்சத்திரம்.

"வந்தவரு மரியாதையாத்தான் பேசினாரு. ஆனா அவரு கழட்டி மாட்டிட்டுப் போனதுலேருந்து, குளிச்சிட்டு வந்தா பொண்ணுக்குத் தலை சுத்துது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

கீசரின் புகைக்குழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் புகை வெளியே போகாமல் குளியலறையிலேயே தங்கும். அதிலுள்ள விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குளித்தால் தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் உடனே கீசரை அணைக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் வாசல் பெருக்குகிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று மத்தியானம் அதை இரண்டு தடவை படித்தேன். நான் காத்திருந்தது இப்படி ஒன்றுக்குத்தான் என்று தோன்றியது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அந்த அம்மா மறுபடி எழுதினார். இப்போது அவருக்கும் குமட்டுகிறதாம். ஆஃபீஸுக்குப் போன் செய்தாராம். அங்கே இருந்த பெண் டேட்டாபேஸைத் திறந்து பார்த்து, மேனேஜருக்குத் தெரிவித்தாயிற்று, வந்துவிடுவார் என்று நல்லவிதமாகச் சொன்னாளாம். சரி, காத்திருக்கிறோம் என்று முடித்திருந்தார். நான் கட்டியது ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு மச்சான் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. சாப்பிடும்போது அவரே கேட்டார்.

"என்ன மாப்ள, ஒரு கம்ப்ளைன்ட்கூட என் போனுக்கு வரல. ஓடுதா, இல்லையா?"

"ஓடுது மச்சான். குறை இருந்தாத்தானே வரும்."

எல்லாம் உன் கைராசி என்று தோளில் தட்டினார். முதலாளி முன்னால் சொல்ல வேண்டியதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். அந்த அம்மாவின் மூன்றாவது செய்தி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். மச்சான் வண்டியை எடுத்தால் அந்த வீடு இருபது நிமிடம். நான் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்ப அந்த மகள் குளிக்கப் போயிருக்கிறாள். வெகுநேரமாகியும் வரவில்லை என்று அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். இரண்டு பேரையும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்தார். மகளுக்கு ஒன்பது வயது. நீங்கள் எடுத்த படத்தில் நாற்காலி மேல் மடித்து வைத்த சீருடை இருக்கிறது, பார்த்தேன்.

பட்டியல் காட்டிய ஆளை நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்று மச்சான் கத்துவார், யாரும் நம்பமாட்டார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் உங்களிடம் சொன்னதை என் மனைவி வந்து அழுதுகொண்டே சொன்னாள்.

"மாப்ள செஞ்சதுல தப்பு இருக்காது, செய்தி வந்திருக்கும், நான்தான் பாக்காம விட்டிருப்பேன், அந்தக் குழந்தை போனது என்னாலதான்னு சொல்லி ஒத்துக்கிட்டாருங்க."

அதற்காகத்தான் இன்று நானே ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். கம்பெனியில் எல்லோரும் அவரை எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று பேசிக்கொள்கிறார்கள். முதலாளி கண் கலங்குகிறார். நான் பதினொரு வாரம் கட்டியதை நாங்கள் கட்டினோம் என்றார், பொறுத்துக்கொண்டேன். இதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டால் எப்படி? எண்ணை மாற்றாமல் விட்டது நான். மூன்று செய்தியையும் படித்தது நான். படித்துவிட்டு அந்த அம்மாவையும் மகளையும் சாகவிட்டது நான். அவருக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று என்று மாற்றி, என் பெயரை முதலில் போடுங்கள்.