பஸ்ஸில் கூப்பிட்ட பெயர்

"பேரை எழுதிப் பாத்தா தெரியாதுபா, கத்திக் கூப்ட்டுப் பாக்கணும்."

கூரம் போகும் பஸ்ஸில், மடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி கணவனிடம் சொன்னாள். நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவள் இனியாவின் பெயரோடு சேர வேண்டுமாம்.

"பஸ்லயா? மானம் போவுது."

அவள் கேட்கவில்லை. "இனியா! இளமாறா! சோறு ஆறிக்கினு இருக்குது, வாங்க!"

முன்சீட்டில் பலாப்பழத்தோடு இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னாமா? நான்தான் இளமாறன்."

பஸ்ஸே சிரித்தது.

"உங்களுக்கு அக்கா இருக்குதாண்ணா?"

"அது ஊட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். பலாப்பழம்னா உசுரு அதுக்கு."

"இந்தப் பேரையே வெச்சிடலாம்" என்றான் கணவன்.

இனியா தூங்கும் தம்பியை உலுக்கினாள். "டேய் இளமாறா, எழுந்திரு. எனக்கும் பலாப்பழம் வாங்கியா!"