கடையம்மாவின் முகம்

படம் பார்க்கத் தெரிந்தவர் முதலில் அதன் ஓரங்களைத்தான் பார்ப்பார். நடுவில் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், அதற்குப் பயிற்சி வேண்டாம். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் கை, எங்கிருந்தோ குறுக்கே வரும் மின்கம்பி, இவைதான் நல்ல படத்தைக் கெடுப்பவை. நம் புகைப்படக் கழகத்தில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், மஹ்ரூப். நீங்கள் செயலாளர், உங்களுக்குத் தெரியும்.

தேத்தண்ணீரைக் குடியுங்கள். ஆறினால் நன்றாக இராது.

"போன போயாக் கூட்டம் முடிஞ்ச பொறகு கிருஷ்ணராஜ்கிட்ட தனியா என்ன சொன்னீங்க சேர்?" என்று கேட்டீர்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவனைக் கழகத்துக்கு அழைத்து வந்தவர் நீங்கள். அரைகுறையாகப் பேசுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை, ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

பதுளையில் இந்தப் புடவைக்கடை என் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள் நாங்கள், தேயிலைத் தோட்டத்துக் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. இந்த வித்தியாசத்தை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை.

பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறைகளில் கடையை அடைத்துவிட்டு இதே மாடியில் வெள்ளைத்துணி கட்டி நாம் படம் காட்டுவோம். படங்களைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தீர்கள். நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் படத்தில் உள்ள நல்லதைச் சொல்வது, பிறகு குறையைச் சொல்வது, கடைசியில் குறை தீர ஒரு வழி சொல்வது. வழி சொல்லாமல் குறை மட்டும் சொல்வது ஒருவரை அடிப்பதற்குச் சமம். ஷிஹானா டீச்சரின் கொண்டைக்குருவிப் படம் நினைவிருக்கிறதா? இலை மிகத் துல்லியமாக வந்திருக்கிறது டீச்சர், குருவியைத்தான் காணவில்லை என்றேன். "அந்த எலைக்குப் பின்னாலதான் சேர் இருக்கு, சத்தியமா இருக்கு," என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த முறை குருவி வரும்வரை காத்திருங்கள் என்று வழியும் சொன்னேன். காத்திருந்தார். இப்போது அவர் படங்களில் குருவி இருக்கிறது.

கிருஷ்ணராஜ் மற்றவர்களைப் போல அல்ல. லுணுகலையில் கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை, பழைய கெமரா, அதற்கு ஒரேயொரு லென்ஸ். அதில் தூரத்தைக் கிட்டே இழுக்கவும் முடியாது, கிட்டே இருப்பதை விரிக்கவும் முடியாது. கிட்ட வேண்டுமென்றால் நடந்து கிட்டப் போக வேண்டும், அகலம் வேண்டுமென்றால் நடந்து பின்னால் வர வேண்டும். அவனுக்கு அது குறையாகப் படவில்லை. கண்ணிலிருந்து கெமராவை எடுக்காமலே முன்னும் பின்னும் நடப்பான். ஒருமுறை இந்த மாடியிலேயே அப்படி நடந்து துணிக்கட்டில் தடுக்கி விழுந்தான். "பின்னாடி கண்ணு இருந்தா நா ஏன் மொதலாளி லுணுகலையில கெடக்குறேன்," என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். எல்லோரையும்விட நான் சொல்வதைக் கேட்டவன் அவன்தான். கேட்டது மட்டுமல்ல, அடுத்த மாதமே செய்து காட்டுவான்.

அவன் மடுல்சீமைக்கு மேலே போய் எடுத்த முதல் படத்தில், மலை முடிகிற இடத்தில் மேகம் கீழே கிடந்தது. ஓரத்தில் ஒரு கிழவி புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள், குன்றிமணி அளவு. நல்லதைச் சொன்னேன், மேகத்தை. குறையைச் சொன்னேன், ஆள் யாரென்று தெரியவில்லை. வழியும் சொன்னேன். கிட்டப் போ, பேச்சுக் கொடு, யாரைப் படம் எடுக்கிறாயோ அவர் பெயரையாவது தெரிந்துகொள் என்றேன். நல்ல அறிவுரை. இன்றும் அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவள் கிட்ட வந்துவிட்டாள். பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வெயில் எழும் காலைநேரம், வெயில் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் கறுப்பாக விழுந்திருந்தது. ஷிஹானா டீச்சர், முகம் தெரிந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். நான் மறுத்தேன். முகம் தெரியாததுதான் இதன் அழகு என்றேன். என் குரலில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா, மஹ்ரூப்? தெரிந்திருக்காது. முகம் தெரியாவிட்டால் என்ன, தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து நிற்கும் அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கள் தாயார் அப்படித்தான் நிற்பார்.

வந்ததிலிருந்து என் தலைக்கு மேலே உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆமாம். சந்திரகாந்தி, என் தங்கை. கலியாணப் பேச்சுக்காக எடுத்த படம் அது. தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த ஒரு கங்காணி மகனோடு அவள் போய்விட்டாள். தோட்டத்தில் கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் போய் இருந்தாள். என் தகப்பனார் தேடவில்லை, அடிக்கவில்லை, ஆள் அனுப்பவில்லை. தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, எரித்து, பதினாறாம் நாள் கருமாதி செய்தார். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்று பதுளைக்குச் சொன்னோம். கொள்ளி வைத்தவன் நான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு மாலை மாற்றுகிறேன். இறந்தவர்களுக்கு நாங்கள் குறை வைத்ததில்லை.

போன போயாவன்று எல்லோரும் கீழே இறங்கிய பிறகு கிருஷ்ணராஜ் நின்றான். தன் கைத்தொலைபேசியை நீட்டினான். அதில் அவள் முகம் தெளிவாக இருந்தது. பல் இரண்டு இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துல எல்லாரும் இவங்கள கடையம்மான்னுதான் கூப்பிடுறாங்க மொதலாளி. ஏன்னு கேட்டேன், சிரிச்சிட்டாங்க. யார்கிட்ட படத்தக் காட்டுவேன்னு கேட்டாங்க, ஒங்க பேரச் சொன்னேன். ஒடனே முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, இன்னொன்னு எடு, அவருகிட்ட காட்டு, அவரு சரியாச் சொல்லுவாருன்னாங்க."

அப்போது அவன் இந்த மாலை போட்ட படத்தைப் பார்த்தான், உங்களைப் போலவே. பிறகு தரையைப் பார்த்தான். அவன் நல்ல பிள்ளை.

நம் கழகத்தின் கண்காட்சிக்கு இந்த முகத்தை வைக்கப்போவதாகச் சொன்னான். பெயர்கூட வைத்துவிட்டான், கடையம்மா என்று. என் பேத்தி கிருஷாந்திக்கு நிச்சயம் செய்ய மாத்தளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அதே வாரம் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கண்காட்சியைப் பார்க்க அவர்களை நீங்கள்தான் அழைத்தீர்கள். இறந்துபோன அத்தைப் பாட்டியை மண்டபத்துச் சுவரில் பல்லில்லாமல் சிரிக்க வைத்துவிட்டு, அவர்களைக் கடைக்குக் கூட்டிவந்து இந்த மாலையைக் காட்ட முடியுமா?

நான் அவசரப்படவில்லை. முதலில் முறையான வழிதான் சொன்னேன். கழுத்தோடு வெட்டிவிடு, புல்லுக்கட்டும் கையும் போதும், உழைப்பு தெரியும் என்றேன். நான் சொன்னதை அவன் மறுத்தது அந்த ஒரு முறைதான்.

"மொகம் இல்லாட்டி அது யாரோட படம் மொதலாளி?" என்றான். பிறகு மெதுவாக, "அவங்களே கண்காட்சிக்கு வாராங்களாம். மகன் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டானாம். பதுளையப் பாத்து எவ்வளவோ காலமாச்சுன்னாங்க. நீங்க ஒரு வார்த்த பேசினா போதும் அவங்களுக்கு," என்றான்.

இந்த இடத்தில்தான் நான் அவனுக்கு என் கடைசிக் கருத்தைச் சொன்னேன்.

தொலைபேசிப் படத்தைக் கண்காட்சியில் வைக்க முடியாது, கெமராவில் மறுபடி எடு என்றேன். இம்முறை வெயில் உன் முதுகில் இருக்க வேண்டும், அப்போதுதான் அவள் முகம் துலங்கும். அதற்கு நீ பள்ளத்தாக்குப் பக்கம், அந்தப் புல்தரையில் போய் நில். அவளுக்குப் பின்னால் லயமும் தேயிலை மலையும் முழுதாக வர வேண்டும், அதுவரை பின்னால் வா. அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காதே.

"ஒங்ககிட்ட அகல லென்ஸ் இருக்கே மொதலாளி. ஞாயித்துக்கெழம மட்டும் குடுத்தீங்கன்னா நின்ன எடத்துலயே எடுத்துருவேன்."

லென்ஸ் அந்த அலுமாரியில்தான் இருந்தது. உங்களுக்கு இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். இரவல் லென்ஸில் கண் வளராது என்று அவனிடம் சொன்னேன். உன் கால்தான் உன் லென்ஸ், நாலு அடி பின்னால் போனால் படம் முழுமையாகிவிடும் என்றேன். தலையாட்டினான். படியில் இறங்கும்போது, "இந்தத் தடவ நீங்க கொற சொல்லவே முடியாது, பாருங்க," என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்தப் புல்தரையை எனக்குத் தெரியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. தெரியும். தகப்பனார் காலத்தில் தீபாவளிக்கு முன் அந்தத் தோட்டத்துக்கு வேனில் துணி கொண்டுபோவோம். அங்கே மானா என்னும் உயரமான புல் பாறை முடிந்த பிறகும் வெளியே வளர்ந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் தரைதான், கீழே வெறும் பள்ளம். என் கண்முன்னே ஒரு பசு அதில் மேயப் போய் இல்லாமல் போனது. சத்தம்கூடக் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும், லுணுகலைக்காரனுக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடப்பான் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொன்னதை அப்படியே செய்வான் என்பதும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

தவறி விழுந்ததாகப் பொலிஸார் எழுதினார்கள். அதில் பொய் இல்லை. என் கை அவன்மேல் படவில்லை. நான் கருத்துச் சொன்னேன், ஏற்பதும் விடுவதும் படம் எடுப்பவர் விருப்பம் என்று நம் கழகத்தின் முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்தோம் அல்லவா? அவனுக்குப் போர்த்திய கோடித்துணி இந்தக் கடையிலிருந்துதான் போனது. நானே தெரிந்தெடுத்தேன். அவன் மனைவி விஜயலெட்சுமி என் காலில் விழுந்தாள், "ஒங்களத்தான் சாமி மாதிரி சொல்லிக்கிட்டு இருப்பாரு," என்று. பிள்ளையைப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் செய்வேன்.

அந்தக் கிழவி எல்லாவற்றையும் பார்த்தாள், எங்கள் அண்ணனிடம் கேளுங்கள் என்று உங்களை அனுப்பினாள் என்கிறீர்கள். அவள் என்ன சொன்னாலும் சரி. நான் கொள்ளி வைத்த ஒருத்தி வந்து சாட்சி சொல்ல முடியாது. வேண்டுமானால் என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போங்கள், இதையே அங்கேயும் சொல்கிறேன். தங்கை பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

செடியில் சிக்கிக் கிடந்த அவன் கெமராவிலிருந்து எடுத்த கடைசிப் படத்தை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளுகிறீர்கள். சரி. நம் முறைப்படியே சொல்கிறேன்.

வெளிச்சம் மிக நன்றாக விழுந்திருக்கிறது. லயம், தேயிலை, மலை, நான் கேட்டது எல்லாம் வந்திருக்கிறது. புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடி வருகிறாள், கை முழுதாக நம்மை நோக்கி நீண்டிருக்கிறது. ஓரத்தில் எதுவும் வெட்டுப்படவில்லை. அவன் எடுத்ததில் இதுதான் சிறந்தது.

குறை என்றால், படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அவள் வாய் திறந்து எதையோ கத்துகிறாள், பார்ப்பவர்களின் கவனம் அங்கே போய்விடும்.

அதற்கும் வழி இருக்கிறது. சாய்வை நிமிர்த்தி, மேலிருந்து கழுத்துவரை வெட்டிவிடுங்கள், மஹ்ரூப். அதற்குப் பிறகு இது எந்தக் கௌரவமான வீட்டுச் சுவரிலும் மாட்டக்கூடிய படம்.